மந்தம் ஏறாத தட்டு

தட்டும் முள்ளும் – 17

போன வாரம் செங்கோட்டை கிட்டப்பாவை 1933 டிசம்பரில் விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் கே.பி. சுந்தராம்பாள் என்று சொல்லியிருந்தேன். எழுதவும் உட்கார்ந்தேன். அதற்காக அந்தக் காலத்து ரிக்கார்டுகளை ஒரு ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டதுதான் வம்பாகப் போயிற்று. குரல் தெரிகிறது, ஆர்மோனியம் தெரிகிறது, வயலின்கூட ஈர்க்குச்சி மாதிரி மெல்லிசாகத் தெரிகிறது. கொட்டு எங்கே? மிருதங்கத்தின் வலந்தலை, தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி வந்து போகிறது. இடது பக்கத்துக் கும்கியைக் காணவே காணோம்.

கொட்டுச் சத்தம் இல்லாமல் ஒரு சாமியோ ஒரு சாவோ தெருவைத் தாண்டாத சீமை நம்முடையது. அந்தச் சத்தம் மட்டும் தட்டில் ஏறவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். சுந்தராம்பாள் அம்மையார் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வார். நாம் கொட்டுக்காரர்களிடம் போய்விட்டு வருவோம்.

கணியான் கூத்து பார்த்தவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம். சுடலைமாடன் கோயில் கொடையில் சாமிக்கு நேர் எதிரே நின்று அண்ணாவி பாடுவார். பெண் வேடம் கட்டிய இரண்டு பேர் சலங்கையோடு ஆடுவார்கள். பின்பாட்டுக்கு ஓர் ஆள், ஜால்ராவுக்கு ஓர் ஆள். இவர்களோடு மகுடம் அடிக்கிறவர்கள் இரண்டு பேர்.

மகுடம் என்பது மரவளையத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய கொட்டு. இடது கையிலும் நெஞ்சிலுமாக அணைத்துக்கொண்டு விரலாலும் உள்ளங்கையாலும் அடிப்பது, குச்சி கிடையாது. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அடித்தால்தான் தெரியும், ஒன்று உச்சம், மற்றது மந்தம். உச்சம் கடலை வெடிக்கிற மாதிரி வெடிக்கும். மந்தம் அப்படிக் காதுக்கு வராது. தரை வழியாக வந்து அடிவயிற்றில் ஏறும். உச்சம் கணக்குச் சொல்லும், மந்தம் ஆளை எழுப்பும். சாமி வருகிற நேரத்தில் சாமியாடியின் உடம்பு முதலில் அசைவது மந்தத்துக்குத்தான் என்பது நான் பல கொடைகளில் பார்த்தது. பனி இறங்கி, தோல் தளர்ந்து, மந்தம் தொண்டை கட்டியவர் போல ஆகிவிட்டால் ஓலையையோ வைக்கோலையோ கொளுத்தி அதில் காய்ச்சுவார்கள். கூத்து நிற்காது. உச்சக்காரர் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருப்பார். மந்தக்காரர் தீயடியில் குந்தியிருந்து தோலைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்.

வில்லுப்பாட்டுக்கும் இதே கணக்குதான். வில்லும் வீசுகோலும் மணியும் உடுக்கும் மேலே நடத்துகிற சண்டைக்கெல்லாம் கீழே ஒரு தளம் வேண்டும். அதைக் குடம் தரும். வெறும் மண்குடம். அதன் வாயில் பத்தியால் அடிக்க அடிக்க, உள்ளே இருக்கிற காற்று 'கும்' என்று எழும். நையாண்டி மேளத்தில் இந்த வேலை உறுமிக்கு. வளைந்த குச்சியால் அதன் ஒரு பக்கத் தோலைத் தேய்க்கும்போது எழுகிற முனகலை, மாட்டுத் தொழுவத்தில் ராத்திரி படுத்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். தவிலில் தொப்பிப் பக்கம். ஆக இந்தச் சீமையின் கொட்டு எதுவானாலும் அதற்கு உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று.

இனி தட்டுக்கு வருவோம்.

இந்தியாவில் ரிக்கார்டு பதிவு தொடங்கிய கதையைப் பழைய வாரங்களில் பார்த்துவிட்டோம்: 1902இல் கேய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்தது, 1908இல் அங்கேயே தட்டு அச்சடிக்கும் ஆலை தொடங்கியது. அப்போது மைக் கிடையாது. பெரிய தகரக் கூம்பு ஒன்றின் வாயருகே நின்று பாட வேண்டும். கூம்பின் சின்ன முனையில் ஒரு சவ்வு, சவ்வில் ஒரு முள், முள்ளுக்கு அடியில் சுழலும் மெழுகுத் தட்டு. பாடுகிறவரின் மூச்சு பலம்தான் முள்ளைத் தள்ளியது. மின்சாரம் எந்த இடத்திலும் இல்லை. இந்தக் கூம்பு எல்லா ஒலியையும் வாங்கிக்கொள்ளவில்லை. நொடிக்கு ஏறக்குறைய 250 அதிர்விலிருந்து 2,500 அதிர்வு வரைதான் அதன் கொள்ளளவு. மனிதக் குரல் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். மந்தம் என்று நாம் சொல்வது 100க்குக் கீழே உருள்கிற சமாச்சாரம். கூம்பின் கணக்கில் அப்படி ஒரு ஒலி உலகத்திலேயே இல்லை.

கேட்காமல் போனதோடு விட்டாலும் பரவாயில்லை. கொட்டு பலமாக விழுந்தால் முள் எகிறித் தட்டு வீணாகிவிடும். ஆகவே உலகம் முழுக்க அந்தக் காலப் பதிவு அறைகளில் கொட்டுக்காரருக்கு ஒதுக்கிய இடம் மூலைதான். அமெரிக்க ஜாஸ் கோஷ்டிகள்கூடப் பெரிய டிரம்மை ஓரங்கட்டிவிட்டு மரக்கட்டையைத் தட்டித் தாளம் காட்டின. நம் ஊர் மூலையில் நின்ற மிருதங்கக்காரர் அந்த வரிசையில் ஒருவர். கதவைத் தட்டுகிற மாதிரி எனக்குக் கேட்டது அவர்தான்; பாவம், அறையின் அந்தக் கோடியிலிருந்து தட்டியிருக்கிறார்.

1925 வாக்கில் மின்பதிவு வந்தது. மைக் வந்தது. கீழ் எல்லை 100 அதிர்வு வரை இறங்கியது, மேல் எல்லை 5,000 வரை ஏறியது. காரைக்குடிக் கடையில் ரிக்கார்டு விற்றுக்கொண்டிருந்த ஏ.வி. மெய்யப்பன், கூட்டாளிகளோடு 1932இல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி ஓடியன் தட்டுகளை வெளியிட்டது இந்த மின்பதிவுக் காலத்தில். கம்பெனிகள் மாதாமாதம் புது ரிக்கார்டுப் பட்டியல் அச்சடித்தன. கீர்த்தனை உண்டு, நாடகப் பாட்டு உண்டு, தேசியப் பாட்டு உண்டு, நகைச்சுவைப் பேச்சு உண்டு, நாதஸ்வரம் உண்டு. கொட்டு மட்டும் தனியாக வந்த தட்டு அபூர்வம்.

மைக் வந்த பிறகுமா என்று கேட்கலாம். இதற்குத் தட்டின் உடம்பைப் பார்க்க வேண்டும். ரிக்கார்டில் இருப்பது ஒரே ஒரு கோடு, வெளியோரத்திலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றிப் போகிற பள்ளம். ஒலி அந்தப் பள்ளத்தை இடமும் வலமுமாக நெளிக்கும். உச்சத்தின் நெளிவு பொடி நெளிவு. மந்தத்தின் நெளிவு, வண்டிப்பாதையில் குடிகாரன் போகிற மாதிரி, பக்கத்துக் கோட்டில் போய் இடித்துக்கொள்ளும். அது இடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் கோடுகளுக்கு இடையே நிறைய இடம் விட வேண்டும். இடம் விட்டால் பாட்டு சுருங்கும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏற்கெனவே மூன்று நிமிடம் சொச்சம்தான். எந்தக் கம்பெனிக்காரர் கொட்டுக்காக ஒரு சரணத்தை விட்டுக்கொடுப்பார்? வெட்டும்போதே மந்தத்தைக் குறைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் 1954இல் இதற்கு ஒரு பொது அளவு வந்தது. அதன்படி, பதியும்போது மந்தத்தை இறக்கு, கேட்கிற மெஷினில் அதே அளவு ஏற்றிக்கொள். வழி நல்ல வழிதான். ஏற்றித் தருகிற மெஷின் வீட்டில் இருக்க வேண்டும். சாவி கொடுத்துச் சுற்றுகிற கிராமபோன் பெட்டியில் அதற்கு எங்கே போவது?

இங்கே காருகுறிச்சியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையில் ஆற்றங்கரை ஊர். மண்பானைக்குப் பேர்போன ஊர். அதே ஊரில்தான் 1921இல் அருணாசலம் பிறந்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்று, கோவில்பட்டியில் குடியமர்ந்து, நாதஸ்வரம் என்றாலே அந்த ஊர்ப் பெயரைச் சொல்ல வைத்தார். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ஆபேரி ஒவ்வொரு கல்யாணப் பந்தலிலும் ரிக்கார்டாகச் சுற்றியது. படம் வந்து இரண்டு வருஷத்தில், 1964 ஏப்ரலில், நாற்பத்து மூன்று வயதுகூட நிரம்பாமல் அவர் போய்விட்டார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவரோடு ராத்திரி ராத்திரியாக ஊர்வலம் நடந்த தவில்காரர்களை, விரல்களில் கூடு மாட்டி வலந்தலையையும் கழியால் தொப்பியையும் மணிக்கணக்கில் அடித்தவர்களை, இன்று எத்தனை பேருக்குப் பெயர் சொல்லத் தெரியும்? நாதஸ்வரக்காரர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, தவில்காரர் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டோ போடாமலோ விடுவது தட்டின் வழக்கம். ஊர்வலத்தில் அப்படி இல்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கினால் நாதஸ்வரக்காரர் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டுவார், ஊர் தவிலைப் பார்த்து நிற்கும். அந்த முக்கால் மணி நேரத்தை மூன்று நிமிடத் தட்டில் எங்கே வைப்பது?

வில்லுப்பாட்டு மேடையேறிய கதையும் இதையொட்டிப் போகிறது. சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகத்தை என்.எஸ். கிருஷ்ணன் சென்னைக்கு அழைத்துப் போனார். காந்தி கதை வில்லில் ஏறியது. வில்லு, கோயில் வாசலிலிருந்து சபாவுக்கும் வானொலிக்கும் பிறகு தொலைக்காட்சிக்கும் வந்தது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, அடுத்த வருஷம் அக்டோபரில் காலமானார். அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் சபா மேடையில் வில்லு ஏறியபோது அதன் எடை மாறிவிட்டது என்பது என் எண்ணம். கதையும் நகைச்சுவையும் முன்னால் வந்தன, குடம் பின்னால் போயிற்று. கொடையில் குடக்காரர் அடித்தால் சாமியாடி எழுந்தாக வேண்டும். சபாவில் எழுந்து ஆட ஆள் கிடையாது. கைதட்டுவதற்குக் குடம் தேவையில்லை.

எழுத்தும் இதைத்தான் செய்தது. நா. வானமாமலை, பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு முத்துப்பட்டன் கதையையும் மற்றக் கதைப்பாடல்களையும் பதிப்பித்திராவிட்டால் நமக்குப் பாதி வரலாறு இருந்திருக்காது. அந்தப் புத்தகங்களை நான் மதித்துத் திரும்பத் திரும்பப் படிக்கிறவன். ஆனால் ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில், ஆற்றங்கரைப் பாறைகளுக்கு இடையில் கூடாரம் போட்டுக் கிடக்கிற ஜனங்களோடு பட்டவராயன் கதையைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால், அங்கே சொல் மட்டும் இருக்கிறது. பட்டன் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கண்ட இடத்தில் மகுடம் என்ன செய்தது, அவன் வெட்டுப்பட்ட இடத்தில் எத்தனை அடி நிறுத்தினார்கள் என்பதற்கு அச்சில் எழுத்துக் கிடையாது. காகிதத்துக்கும் கூம்புக்கும் காது ஒன்றுதான்.

வானொலி கொஞ்சம் கருணை காட்டியது. திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நையாண்டி மேளமும் நிலையத்துக்கு வந்து மைக் முன்னால் உட்கார்ந்தன. மூன்று நிமிடக் கணக்கு அங்கே இல்லை. ஆனால் நம் வீடுகளில் இருந்தது கை அகலத் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். நிலையத்திலிருந்து மந்தம் புறப்பட்டிருந்தாலும் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடும், உள்ளே வராது.

*

இந்த இடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மைக்செட்காரரைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். ஆற்றுக்குத் தெற்கே ஒரு ஊர்க்காரர். அறுபதுகளில் சைக்கிள் கேரியரில் ஆம்ப்ளிஃபயரும் தோளில் குழாயும் தூக்கித் தொழில் தொடங்கியவர். கொடைக்கு மூன்று நாள் முன்னாலேயே பனை உச்சியில் குழாய் கட்டிவிடுவார். ஆற்றின் அக்கரை ஊர் வரை சத்தம் போக வேண்டும். போகவில்லை என்றால் பேசிய கூலியில் பிடித்துவிடுவார்கள். சென்னையிலிருந்து புது ரிக்கார்டு வந்துவிட்டால், அந்த வட்டாரத்தில் அதை முதலில் போடுகிற செட்டுக்குத்தான் அடுத்த கொடை. அவரிடம் ஒருமுறை கேட்டேன்.

"அண்ணாச்சி, குழாய்ல ஏன் கொட்டுச் சத்தம் விழமாட்டேங்குது?"

"குழாய்க்கு வயிறு கிடையாதுல்லா தம்பி. தொண்டை மட்டுந்தான்" என்றார். "பேஸைக் கூட்டிப் பாத்தம்னு வையி, உள்ள இருக்க யூனிட்டு கிழிஞ்சு போவும். ஒரு யூனிட்டு போச்சுன்னா ரெண்டு கொடைக் கூலி போச்சு."

இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொன்னதில்லை. கூம்பு வழியாகப் பதிந்ததைக் கூம்பு வழியாகவே ஊருக்கு ஊதினோம். போகிற வழியிலும் தொண்டை, வருகிற வழியிலும் தொண்டை. கொடைக்கு மைக் வந்தபோது அதை அண்ணாவியின் வாய்க்கு நேரே கட்டினார்கள். குடத்துக்கும் மகுடத்துக்கும் மைக் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு என்ன மைக், அதுதான் தானாகவே கேட்கிறதே என்பது வாதம். ஐம்பதடி தூரத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கும். அக்கரைக்காரனுக்கு அண்ணாவி தனியாளாகப் பாடுவதாகத்தான் தெரியும்.

இதே காலத்தில், இதே மாதிரி ரேடியோ ரிப்பேர் பார்க்கிற ஒருவர், உலகத்தின் இன்னொரு கோடியில் வேறொன்று செய்துகொண்டிருந்தார். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம். ஆஸ்போர்ன் ரடக் என்பது அவர் பெயர், கிங் டப்பி என்றால்தான் தெரியும். அங்கேயும் நம் மைக்செட் மாதிரி தெருவில் ஒலிபெருக்கி கட்டி ரிக்கார்டு போடுகிற தொழில் உண்டு. சவுண்ட் சிஸ்டம் என்பார்கள். போட்டியும் நம்மூர்ப் போட்டிதான்: யார் செட்டில் புதுத் தட்டு, யார் செட்டுக்குக் கூட்டம். ஒரே வித்தியாசம், அவர்கள் ஊதியது கூம்பால் அல்ல. அலமாரி உயரத்துக்குப் பெட்டி. அந்தப் பெட்டிக்குத் தீனி வேண்டும் என்று, இருக்கிற பாட்டை எடுத்து, அதிலிருந்து குரலைக் கழற்றிவிட்டு, கொட்டையும் மந்தத்தையும் மட்டும் விட்டுத் தட்டு வெட்டினார்கள். அந்தக் கலையில் கிங் டப்பிதான் ஆசான். நாம் கொட்டைக் கழற்றிக் குரலை வைத்துக்கொண்டோம். அவர்கள் குரலைக் கழற்றிக் கொட்டை வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். செட் வைத்திருந்தவர்களே கம்பெனி தொடங்கினார்கள். காக்ஸன் டாட் என்ற செட்காரர்தான் ஸ்டுடியோ ஒன் என்ற புகழ்பெற்ற கம்பெனியின் முதலாளி. தெருவில் எந்தச் சத்தத்துக்கு ஜனம் எழுகிறது என்று தெரிந்தவனே தட்டையும் வெட்டினான். நம்மூரில் தட்டு வெட்டியவர் சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்தார். தெருவைத் தெரிந்தவர் பனைமரத்தில் இருந்தார்.

பிழைப்புக்காக லண்டனுக்குப் போன ஜமைக்காக்காரர்கள் அந்தப் பெட்டிகளையும் கொண்டுபோனார்கள். அவர்கள் பிள்ளைகள் காலத்தில், 1990களின் தொடக்கத்தில், அங்கே பிறந்த இசைக்கு மெதுமெதுவாக ஒரு பெயர் நிலைத்தது: டிரம் அண்ட் பேஸ். தமிழில் சொன்னால் கொட்டும் மந்தமும். நம் கணியான் கூத்துக்காரரிடம் சொன்னால் 'உச்சமும் மந்தமும்தானே' என்று கேட்டுவிட்டு வெற்றிலையைத் தொடர்வார். நிமிடத்துக்கு 160இலிருந்து 180 வரை அடி விழுகிற ஓட்டம். அதற்குக் கீழே, அதில் பாதி வேகத்தில் நகர்கிற கனத்த மந்தம். உறுமி முனகலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த பேஸ் அந்நியமாகவே இருக்காது.

1994இல் கோல்டி என்கிற இசைக்காரர், கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் என்ற இரண்டு பெண்களோடு சேர்ந்து மெட்டல்ஹெட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். டிரம் அண்ட் பேஸ் உலகத்தில் இதன் புதுத் தட்டு என்றால் ஒரு காலத்தில் கோயில் பிரசாதம் மாதிரி. 1995 முதல் லண்டன் புளூ நோட் என்ற விடுதியில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இவர்கள் கச்சேரி. புதுப் பாட்டு கடைக்கு வருவதற்கு வாரக்கணக்கில் முன்பே, அலுமினியத்தின் மேல் மெழுகு மாதிரி பூச்சு பூசிய ஒற்றைத் தட்டில் வெட்டி அங்கே போட்டுப் பார்ப்பார்கள். சில பத்துத் தடவை ஓடினால் தேய்ந்துவிடுகிற தட்டு. ஜனம் எழுந்தால்தான் அது அச்சுக்குப் போகும். கவனியுங்கள்: சாமியாடி எழுகிறாரா என்று பார்த்து அடியை மாற்றுகிற கொடைக்காரர் கணக்கு இது.

அவர்கள் தட்டுகள் பன்னிரண்டு அங்குலம். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. மந்தம் நெளிய இடம் வேண்டும் என்றேனே, அந்த இடத்தை மனசாரக் கொடுத்தார்கள். தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கோடுகள் வரப்பு மாதிரி விலகி விலகி ஓடும். நம் கம்பெனிகள் சரணத்துக்காக மந்தத்தைக் குறைத்தன. இவர்கள் மந்தத்துக்காகப் பாட்டையே குறைத்தார்கள்.

லண்டன்காரர்களைப் புகழ்ந்து முடித்துவிட வேண்டாம். அந்த இசை முழுக்க முழுக்க நிற்பது, பெரும்பாலும் ஒரே ஒரு கொட்டுக்காரரின் ஆறேழு நொடி அடியின் மேல். 1969இல் வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் கோஷ்டி ஒரு தட்டின் பின்பக்கத்தை நிரப்புவதற்காகப் பதிந்த பாட்டு 'ஆமென் பிரதர்'. அதன் நடுவில் டிரம்மர் கிரிகரி கோல்மன் தனியாக அடித்த நாலு ஆவர்த்தனத்தைத்தான் வெட்டி, ஓட்டத்தைக் கூட்டி, துண்டு துண்டாக்கி மாற்றி மாற்றி ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கான தட்டுகளில் அது இருக்கிறது. கோல்மனுக்கு ஒரு காசு வரவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடற்றவராகச் செத்துப்போனார். 2015இல் ரசிகர்கள் வசூல் செய்து 24,000 பவுண்டைக் கோஷ்டித் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். கொட்டியவர் அதற்கு ஒன்பது வருஷம் முன்பே போய்விட்டிருந்தார்.

அந்த லண்டன் அலையில் நம் பக்கத்துக் கொட்டும் நுழைந்தது. தபலா வாசிக்கும் தல்வின் சிங் 1997இல் தொகுத்த 'அனோகா' தட்டில் தபலாவும் டிரம் அண்ட் பேஸும் கைகோத்தன, அதிலேயே ஏ.ஆர். ரகுமானின் 'பம்பாய்' கருத்திசையும் ஒரு பாட்டாக இருந்தது. 1999இல் தல்வின் சிங்குக்கு மெர்குரி பரிசு கிடைத்தது. தபலாவுக்குக் கிடைத்த அந்த விசா மகுடத்துக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டை ஏன் குறை சொல்ல வேண்டும்? தோலைத் தொட்டவன் கை என்று திண்ணைக்குக் கீழே நிறுத்தியது நாம்தான். எந்தக் கொட்டு சங்கீதம், எந்தக் கொட்டு சத்தம் என்று பிரித்த கோடு கம்பெனிகள் பிறப்பதற்கு முன்பே இங்கே இருந்தது. கூம்பும் பள்ளமும் சொன்ன காரணங்கள் 1950களோடு தீர்ந்துவிட்டன. அதற்குப் பின்னும் மந்தம் தட்டில் ஏறாததற்கு இந்தக் கோடு ஒன்றே போதும்.

*

கேசட் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தனியாக நாலு வாரம் ஒதுக்கியிருக்கிறேன். எழுபதுகளின் கடைசியில் வளைகுடாவிலிருந்து மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் டூ-இன்-ஒன் பெட்டிகள் வந்து இறங்கின. கொடையில் மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து ராத்திரி முழுக்கப் பதிந்துவிடுவார். மறுவாரம் பஜாரில் கேசட் கிடைக்கும். சுடலை கதை நாலு கேசட், இசக்கி கதை மூன்று கேசட். மூன்று நிமிடச் சிறை உடைந்தது. ஆனால் பதிந்தது அண்ணாவியின் மைக்கில் விழுந்ததை. மந்தம் அங்கே விழவில்லையே. பாடினவருக்கு ஒரு கூலி ஒரு தடவை கிடைத்தது. கேசட் எத்தனை விற்றது என்று அவருக்கும் தெரியாது, கேட்கிற வழக்கமும் இல்லை. கோல்மனை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் மந்தத்தை ஊருக்குள் கொண்டுவந்தது இசைக்காரரும் இல்லை, கம்பெனியும் இல்லை. சட்டம். ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக வருஷத்தில் பதினைந்து நாள் மட்டும் நள்ளிரவு வரை அரசு விலக்குத் தரலாம். அதோடு கூம்பு வடிவக் குழாய்க்குத் தடை என்று ஒவ்வொரு கொடைக்கும் காவல் நிலையத்தில் எழுதி வாங்கினார்கள். குழாய் பனையிலிருந்து இறங்கியது. அந்த இடத்தில் பாக்ஸ் வந்தது. பாக்ஸுக்கு வயிறு உண்டு. இதில் ஒரு வேடிக்கை. சட்டம் சத்தத்தை அளக்கிற அளவுகோல், மனிதக் காதுக்கு எது எவ்வளவு உறைக்குமோ அதற்கேற்பக் கழித்துக் கணக்கிடுவது. 100 அதிர்வுள்ள மந்தம் என்றால் அது சுமார் 19 டெசிபெலைத் தள்ளுபடி செய்துவிடும். கீச்சென்று கத்துகிற குழாய் மாட்டிக்கொள்ளும், நெஞ்செலும்பை ஆட்டுகிற பாக்ஸ் தப்பித்துக்கொள்ளும். சட்டத்தின் காதுக்கும் மந்தம் சரியாக விழுவதில்லை. இந்த ஒரு தடவை அது நல்லதாகப் போயிற்று. (என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இதை ஒப்பமாட்டார்.)

2021இல் மாரி செல்வராஜின் 'கர்ணன்' வந்தபோது, கிடாக்குழி மாரியம்மாள் குரலில் சந்தோஷ் நாராயணனின் பாட்டு ஒன்று முதலில் வெளியானது. அதைக் கைப்பேசியில் கேட்டவர்களுக்கு ஒரு அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. பாக்ஸில் கேட்டவர்களுக்குத்தான் அதற்கு அடியில் ஒரு ஊரே கொட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்த வருஷம் எந்தக் கொடைக்குப் போனாலும் மைக்செட்காரர் முதலில் போட்டது அதைத்தான்.

கடைசியாக ஒரு கொடை. ஆற்றின் வடகரை, வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் சுடலை பீடம். ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். விதிப்படி பாக்ஸை அணைத்துவிட்டார்கள், ஆகவே மைக்கும் இல்லை. கணியான் கூத்துக்காரர்கள் வெறும் தொண்டையோடும் வெறும் தோலோடும் நின்றார்கள். மந்தக்காரர் வாழைச் சருகைக் கொளுத்திக் காய்ச்சிவிட்டு வந்து சேர்ந்துகொண்டதும் என் செருப்புக்கு அடியில் தரை அதிர்ந்தது. சாமியாடி எழுந்தார். எனக்கு முன்னால் நின்ற நாற்பது ஐம்பது இளவட்டங்களும் ஒரே சமயத்தில் கைப்பேசியைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

மறுநாள் காலை பேருந்தில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தேன். அண்ணாவி குரல் கணீரென்று இருந்தது. ஜால்ரா இருந்தது. உச்சம், யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. தோட்டத்து நாய் குரைத்ததுகூடத் துல்லியமாகப் பதிந்திருந்தது. மந்தத்தைக் காணோம்.

(சுந்தராம்பாள் அடுத்த வாரம்)